அப்பாவோடு இருந்து கதைப்பது எப்படி: முதல் தடவையாகத் தொடங்குபவர்களுக்கு

வீட்டில் எழுபது தாண்டிய அப்பாவோ அம்மாவோ இருக்கிறார். காலையில் "சாப்பிட்டீங்களா", இரவில் "மருந்து குடிச்சீங்களா", நடுவில் கரண்ட் பில், கலியாண வீடு, செத்த வீடு. பெரும்பாலான வீடுகளில் கதை இதற்கு மேல் போவதில்லை. அவர் எதற்கு ஆசைப்பட்டார், எது கைகூடியது, எது கைநழுவியது என்று இருந்து கேட்க வேண்டும் என்று உங்களுக்கும் ஒருநாள் தோன்றியிருக்கும். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் விட்டிருப்பீர்கள்.

நான் மட்டக்களப்புக் கல்லடியில் என் அப்பாவோடு இதைச் செய்து பார்த்தேன். பதினான்கு தடவை இருந்து கதைத்திருக்கிறோம். அதில் முதல் மூன்றும் வீண். அந்த மூன்றும் ஏன் வீணாயின, பிறகு எதை மாற்றினேன் என்பதைத்தான் எழுதுகிறேன். அப்பா என்று வரும் இடங்களில் அம்மா, வாப்பா, உம்மா என்று உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றி வாசியுங்கள்.

கேள்வித்தாளை ஒளித்து வையுங்கள்

முதல் நாள் இருபத்திரண்டு கேள்விகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனேன். மேசையில் போனை வைத்து, எதிரே கதிரை போட்டு, "அப்பா, உங்கட வாழ்க்கையில மறக்க முடியாத சம்பவம் என்ன?" என்று தொடங்கினேன். அப்பா அதற்கென்று சேர்ட் போட்டுக்கொண்டு வந்திருந்தார். "அப்பிடி ஒண்டும் இல்ல மகள்" என்றார். எட்டாவது நிமிடத்தில் எழும்பிப் போய்விட்டார்.

யோசித்துப் பார்த்தால், எங்கள் பக்கத்தில் அவருடைய வயதுக்காரரை எதிரே நிறுத்திக் கேள்வி கேட்டவர்கள் யார்? ஒன்றில் கந்தோர் ஆட்கள், இல்லாவிட்டால் சோதனைச் சாவடி. பெயர் என்ன, எங்கே இருந்து வருகிறாய், எதற்கு வந்தாய். சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்வதுதான் புத்தி என்று பழகியவர்கள் அவர்கள். மகள் கேட்டாலும் அந்தப் பழக்கம் உடனே விடாது.

ஆகவே எதிரே இருக்காதீர்கள், பக்கத்தில் இருங்கள். இரண்டு பேர் கையிலும் ஒரு வேலை இருக்கட்டும். முருங்கையிலை உருவலாம். கிடுகு பின்னத் தெரிந்தவரென்றால் பின்னக் கேட்கலாம், நீங்கள் ஓலை எடுத்துக் கொடுக்கலாம். கடற்கரைப் பக்கத்து வீடென்றால் வலை பொத்தும் நேரத்தை விட நல்ல நேரம் இல்லை. கண் வேலையில் இருந்தால் வாய் தன்பாட்டில் திறக்கும். முகத்தைப் பார்க்கத் தேவையில்லாததால் சொல்லக் கூச்சமானதையும் சொல்லிவிடுவார்கள்.

கச்சான், அதாவது நிலக்கடலை, உடைப்பது மட்டும் வேண்டாம். என் நான்காவது பதிவு முழுக்கக் கோது நொறுங்கும் சத்தம்தான் கேட்கிறது. இன்னொரு கச்சானையும் தவிர்க்க வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது முற்றத்தில் பதிவு செய்தால் போன் உள்ளே காற்றைத் தவிர வேறொன்றும் இருக்காது. அந்த மாதங்களில் உள்வீட்டில் இருங்கள்.

நேரம்: மத்தியானத் தூக்கம் முடிந்து நாலு மணிப் பிளேன்ரீ. ஒரு தடவைக்கு நாற்பது நிமிடம் போதும். பெரும்போக வெட்டு நடக்கும் மாசி, பங்குனியில் வயல்காரரைப் பிடிக்கவே வேண்டாம்.

ஆண்டைக் கேட்காதீர்கள், வெள்ளத்தைக் கேளுங்கள்

"அது எந்த வருசம் அப்பா?" என்பது கதையை நிறுத்தும் கேள்வி. நினைவு வரும் வழியில் இலக்கத்தைத் தேட வைத்தால் கதை போய்விடும். எங்கள் ஆட்களிடம் வேறு நாட்காட்டி இருக்கிறது. 1957 டிசம்பர் வெள்ளம். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி. எழுபதுகளின் தொடக்கத்தில் பாணுக்குக் கியூவில் நின்று, மரவள்ளிக் கிழங்கைச் சோறாக்கிய காலம். போர்க்காலத்து 1990. 2004 டிசம்பர் 26 சுனாமி. "சூறாவளிக்கு முன்னமோ பிறகோ?" என்று கேட்டால் பதில் உடனே வரும், அதோடு சேர்ந்து கூரை போன கதையும் வரும். அம்பாறைப் பக்கத்துப் பெரியவர்களுக்குக் கல்லோயா அணை கட்டிய காலம் என்று இன்னொரு மைல்கல்லும் உண்டு. அந்தத் திட்டம் 1949இல் தொடங்கியது.

ஒரு சின்னக் குழப்பம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். காரைதீவிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ ஐம்பதுகளில் பிறந்தவரின் பத்திரத்தில் மட்டக்களப்பு மாவட்டம் என்றுதான் இருக்கும். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்.

பிறந்த திகதி தெரியாது என்பவரிடம் அடையாள அட்டையை வாங்கிப் பாருங்கள். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கமும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500ஐக் கூட்டியிருப்பார்கள். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று எண்ண வேண்டும். 49045 என்று தொடங்கினால் 1949 பெப்ரவரி 14இல் பிறந்த ஆண். 52573 என்றால் 1952 மார்ச் 13இல் பிறந்த பெண். பன்னிரண்டு இலக்கப் புது அட்டையில் ஆண்டு நான்கு இலக்கமாக இருக்கும், மற்றது அதே கணக்குத்தான்.

ஆனால் அட்டை சொல்வதோடு நிற்காதீர்கள். என் அப்பாவின் அட்டை மாசியைச் சொல்கிறது. அப்பம்மாவோ "கார்த்திகை விளக்கீட்டண்டு பிறந்த பொடியன், சுட்டி ஏத்தக்கூட எழும்ப ஏலாமக் கிடந்தன்" என்று சாகும்வரை சொன்னாராம். பதியப் போனது மாரி மழை முடிந்து வழி திறந்த பிறகு. இந்த ஒரு வித்தியாசத்தில் இருந்தே எங்களுக்கு ஒரு பின்னேரம் முழுக்கக் கதை கிடைத்தது.

பையை அவிழ்க்கச் சொல்லுங்கள்

பழைய படம் இருந்தால் காட்டுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் வீடுகளில் படம் எங்கே இருக்கிறது? சூறாவளி கொஞ்சம், போர்க்கால ஓட்டம் கொஞ்சம், சுனாமி மிச்சம். இருப்பது ஒரு பை. காணி உறுதி, காணி பேமிட், பிறப்புப் பத்திரம், விடுகைப் பத்திரம் எல்லாவற்றையும் சொப்பின் பேக்கில் சுற்றி, ஓடவேண்டி வந்தால் முதலில் கையில் எடுப்பதற்கென்று வைத்திருக்கும் பை. அதை எடுத்து ஒவ்வொரு தாளாக விரிக்கச் சொல்லுங்கள். எந்தத் தாள் ஏன் அந்தப் பைக்குள் வந்தது என்பதே ஒரு வாழ்க்கைக் கதை. அப்பாவின் பையில் பத்திரங்களுக்கு நடுவே ஒரு வைரமாளிகை நகைக்கடைக் கலண்டர் மட்டையின் துண்டும் இருந்தது. பின்பக்கத்தில் பேனாவால் கீறிய ஒரு கோட்டுப் படம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மலர், ஊர்க் கோயிலின் கும்பாபிஷேக மலர் போன்றவை 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் கிடைக்கலாம். கிடைத்தால் போனிலேயே எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுங்கள். ஆசிரியர்களின் பெயரை வாசித்தாலே போதும், அடித்தவர் யார், அரவணைத்தவர் யார் என்று தொடங்கிவிடுவார்.

உங்கள் கையில் உள்ளதை முதலில் வையுங்கள்

இந்த இடத்தில்தான் நான் அதிகம் தடுமாறினேன், ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நடந்ததைக் கேட்பது சுகம். ஆசைப்பட்டதைக் கேட்பது கஷ்டம். "உங்கட கனவு என்ன அப்பா?" என்று கேட்டால், இரவு கண்ட கனவைச் சொல்வார். உண்மையாகவே சொன்னார்: செத்துப்போன மாடு ஒன்று வாசலில் வந்து நின்றதாம். கனவு என்ற சொல்லை அந்த அர்த்தத்தில் நாங்கள் பாவிக்கத் தொடங்கியது அண்மையில்தான். அவர்களுடைய சொல் ஆசை, இல்லாவிட்டால் எண்ணம். "என்னவா வரவேணும் எண்டு எண்ணியிருந்தீங்க?" என்பதும் சரிவராது. வருவது, ஆவது எல்லாம் படித்த ஆட்களின் கணக்கு. "எது இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள்.

அதுவும் சும்மா வராது. பெற்றவர்கள் பிள்ளையிடம் குறை சொல்ல மாட்டார்கள். தன் ஆசை நிறைவேறவில்லை என்று சொன்னால், "உனக்காகத்தான் விட்டேன்" என்று குத்திக் காட்டுவது போல ஆகிவிடும் என்று பயம். அந்தப் பயத்தை எடுக்க ஒரே வழி, முதலில் உங்கள் குறையை நீங்கள் சொல்வது.

ஆறாவது நாள் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தபோது, கேள்வி எதுவும் கேட்காமல், நான் பத்து வருடமாகச் செய்யும் வங்கி வேலை எனக்குப் பிடிக்கவில்லை, படம் கீறப் படித்திருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன் என்று சொன்னேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கட்டு இலை முழுக்க உருவி முடித்தார். பிறகு, "எனக்கெண்டு ஒரு ஊடு இருந்திருக்கலாம்" என்றார்.

வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணின் வழியில் போகும். தாய் வீடு மகளுக்குச் சீதனம். கலியாணம் கட்டிய ஆண் பெண் வீட்டுக்குப் போய் இருப்பார். தமிழ் ஊர்களிலும் அப்படித்தான், முஸ்லிம் ஊர்களிலும் அப்படித்தான். பெண்ணுக்கு இதனால் கிடைக்கும் பலத்தைப் பற்றி நான் பெருமையாகப் பல இடங்களில் கதைத்திருக்கிறேன். இன்றும் அந்தப் பெருமை குறையவில்லை. ஆனால் அதே வழக்கத்துக்குள் ஓர் ஆண் தாயின் வீட்டில் பிறந்து, மனைவியின் வீட்டில் வாழ்ந்து, மகளின் வீட்டில் கண்ணை மூடுகிறார் என்பதை நான் ஒருநாளும் கணக்கெடுத்ததில்லை. கல்லடி வீட்டுக் கூரையைச் சூறாவளி கொண்டுபோன பிறகு திரும்பப் போட்டது அப்பா. சுனாமியில் விழுந்த சுவரைத் திரும்பக் கட்டியதும் அப்பா. உறுதி முதலில் அம்மாவின் பெயரில் இருந்தது, இப்போது என் பெயரில் இருக்கிறது.

கலண்டர் மட்டையில் கீறியிருந்தது அந்த வீடு. ஆற்றுக்கு மேற்கே, படுவான்கரையில் வட்டைக்குப் பக்கத்தில், இரண்டு அறை, ஒரு கிணறு, முன்னுக்கு ஒரு திண்ணை. "பெரிசா ஒண்டும் இல்லகா. ராவைக்குக் கதவ நான் பூட்டோணும், விடியக்க நான் திறக்கோணும். அவ்வளவுதான்" என்றார்.

உங்களுக்கு வருவது இப்படி இருக்காது. வேறு ஏதாவதாக இருக்கும். கூத்தில் கட்டியக்காரனாக ஆடவேண்டும் என்பதாகவோ, ஒருதடவை ரயிலில் கடைசிவரை போய்ப் பார்க்கவேண்டும் என்பதாகவோ இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அந்த நேரத்தில் மூன்று காரியம் செய்யாதீர்கள். "அதுக்கென்ன, இப்ப செய்யலாம்" என்று உடனே தீர்வு சொல்லாதீர்கள். "அப்ப எங்களோட சந்தோசமா இருக்கல்லயா?" என்று கேட்காதீர்கள். தங்கச்சிக்கு உடனே போன் பண்ணிச் சொல்லாதீர்கள். மூன்றாவதை நான் செய்தேன். அடுத்த இரண்டு கிழமை அப்பா முருங்கை மரத்துப் பக்கமே வரவில்லை.

நோகும் இடங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை என்ற எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் 1990 என்று சொன்னாலே போதும், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெயர் எழும்பும். அதற்கு முன்னும் பின்னும் நடந்தவையும் உண்டு. அவற்றை நீங்களாகக் கேட்காதீர்கள். அவராகத் தொட்டால் கேட்டுக்கொண்டு இருங்கள், "பிறகு?" என்று தள்ளாதீர்கள். காணாமல் போனவர் உள்ள வீடென்றால், "இருந்தவர்" என்று இறந்தகாலத்தில் நீங்கள் முதலில் சொல்லிவிடக்கூடாது; அவர் எந்தக் காலத்தில் கதைக்கிறாரோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பதிவை நிறுத்தவா என்று கேளுங்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள், வேலையை நிறுத்தாதீர்கள். இலையை உருவிக்கொண்டே இருங்கள். அன்றிரவு அவர் தூங்கினாரா என்று பாருங்கள். நாட்கணக்கில் சாப்பாடு, தூக்கம் குழம்பினால் பக்கத்து ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகலாம், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் எடுக்கலாம்.

பிறந்த ஊருக்கு ஒருதரம் கூட்டிப்போங்கள்

நாலைந்து தடவை கதைத்த பிறகு இதைச் செய்யுங்கள், முதலிலேயே வேண்டாம். ஊரில் இறங்கியதும் சொந்தக்காரர் சூழ்ந்துகொள்வார்கள், கதை பொதுக்கதையாகிவிடும். ஆகவே போகும் வழிதான் முக்கியம். முச்சக்கர வண்டியை விட மோட்டார் சைக்கிள் மோசம், ஒன்றும் கேட்காது. பஸ்ஸில் யன்னல் பக்கம் அவரை இருத்துங்கள்.

நாங்கள் ஆரையம்பதி தாண்டி மண்முனைப் பாலத்தால் படுவான்கரைக்குப் போனோம். அந்தப் பாலம் 2014இல்தான் திறந்தது. அதுவரை பாதை. பாதை என்றால் இங்கே ஆற்றைக் கடக்க ஆளையும் மாட்டையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போகும் மிதவை. பாலத்தின் நடுவில் வைத்து அப்பா, கலியாணத்துக்கு மாப்பிள்ளையாகப் பாதையில் வந்த நாளைச் சொன்னார். கிழக்குக் கரையான எழுவான்கரை நெருங்க நெருங்கத் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். "நான் பார்த்தன்" என்றார்.

போனும் பதிவும்

புதுச் சாமான் ஒன்றும் வாங்கத் தேவையில்லை. போனில் உள்ள குரல் பதிவுச் செயலியே போதும். வட்ஸ்அப் குரல் செய்தியில் பதியாதீர்கள், ஒலியை நசுக்கிவிடும். போனை விமானப் பயன்முறையில் போடுங்கள்; நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நிற்கக்கூடும். மடித்த துவாயின் மேல், அவரிடம் இருந்து ஒரு முழத் தூரத்தில் வையுங்கள், மேசைப் பலகையில் வைத்தால் கோப்பை வைக்கும் சத்தமெல்லாம் இடிபோல விழும். மின்விசிறியை நிறுத்துங்கள், வேர்த்தாலும் பரவாயில்லை. கோயில் லவுட்ஸ்பீக்கரை நிறுத்த உங்களால் முடியாது. வைகாசிச் சடங்குக் காலத்துப் பதிவொன்றில் அப்பாவின் குரலுக்குப் பின்னால் உடுக்குச் சத்தம் கேட்கிறது, இப்போது அதுதான் எனக்குப் பிடித்த பதிவு.

ஒளித்துப் பதிய வேண்டாம். "பதியிறன் அப்பா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள்.

சாதாரண தரத்தில் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 60 மெகாபைட் வரும். கோப்புக்குத் திகதியால் பெயர் வையுங்கள்: ஆண்டு, மாதம், நாள், பிறகு ஒரு சொல். "புதிய பதிவு 17" என்று விட்டால் அடுத்த வருடம் நீங்களே தேட மாட்டீர்கள். போனில் ஒன்று, கணினியில் ஒன்று, வேறு ஒரு வீட்டில் பென் டிரைவில் ஒன்று. வேறு வீடு என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்று கல்லடி ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை.

வெளிநாட்டில் இருப்பவர்கள்: சுவிஸுக்கும் எங்களுக்கும் கோடையில் மூன்றரை மணி, குளிரில் நாலரை மணி வித்தியாசம். உங்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு இங்கே நாலு மணிப் பிளேன்ரீ. வீட்டில் இருக்கும் ஒருவர் இரண்டாவது போனில் பதியட்டும். வீடியோவை நிறுத்துங்கள், முகம் தெரிந்தால் "மெலிஞ்சிட்டாய்" என்பதோடு அரைமணி போய்விடும்.

எழுதி எடுக்கும்போது

ஒரு மணி நேரப் பதிவை எழுத எனக்கு ஐந்து மணி நேரம் போகும். குரலை எழுத்தாக்கும் செயலிகள் "இரிக்கி", "ஊடு", "அங்கால" என்பதையெல்லாம் தங்கள் விருப்பத்துக்கு மாற்றிவிடுகின்றன, கடைசியில் திருத்தும் நேரம் எழுதும் நேரத்தை விடக் கூட. கேட்டு, கையால் எழுதுங்கள். அவர் சொன்ன மாதிரியே எழுதுங்கள். கொழும்பில் வளர்ந்த என் மச்சாள் ஒரு பகுதியை எழுதி உதவினார். "பாதையில வந்தம்" என்பதை "வீதி வழியாக வந்தோம்" என்று அழகாகத் திருத்தியிருந்தார். ஆறு காணாமல் போய்விட்டது.

எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். வேறு யாருக்கும் முதலில் காட்டாதீர்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டு திருத்தம் சொன்னார். நான் "வயல்" என்று எழுதியிருந்த இடமெல்லாம் "வட்டை" என்று போடச் சொன்னார். ஐந்தாவது பக்கத்தில் ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னார், அதில் வரும் ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்பதால். பேனாவால் வெட்டினேன். பதிவிலும் அந்தப் பன்னிரண்டு வினாடியை வெட்டி எடுத்து, மூன்று இடத்திலும் பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டேன்.